பாச்சலூருக்கு மாலை கட்டிப் போன ஜீப்

சேனாதிபதி அண்ணன் சொல்வதில் பாதியை நம்பக் கூடாது. மீதிப் பாதியை நம்பவே கூடாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருடம் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டியவருக்கு அது பாராட்டு மாதிரிதான்.

தூண் பாறைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். போய்ச் சேரவும் பனி வந்து எல்லாவற்றையும் மூடவும் சரியாக இருக்கும். வேறு டிரைவராக இருந்தால் தலையைச் சொறிவார். இவர் வெறும் வெள்ளையைப் பார்த்துக் கையை நீட்டி, "பாறை குளிக்கப் போயிருக்குங்க சார், அரை மணி நேரத்துல வந்துரும். அதுக்குள்ள இந்தக் கடையில ஒரு டீ குடிங்க" என்பார். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பேரிஜம் ஏரியில் குரல் கொடுத்தால் மீன் திரும்பிப் பார்க்கும் என்று இவர் சொன்னதை நம்பி, ஒரு மதியம் முழுக்க ஏரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததாம். இதுவும் அவர் சொன்னதுதான். அதனால் இதையும் நம்ப வேண்டியதில்லை.

அந்த மனிதர்தான் இப்போது எங்கள் ஜீப்பை ஓட்டுகிறார். நான் பிரின்ஸி, நர்ஸ். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பெரிய ஊர்களில் சொல்லி அனுப்பிவிட்ட பிள்ளைகளை, அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வலிக்கு மருந்து கொடுப்போம், புண்ணைக் கழுவிக் கட்டுவோம், குளிப்பாட்டிவிடுவோம், அம்மாக்களை ஒரு மணி நேரமாவது தூங்கச் சொல்வோம். இந்த மலை முழுவதற்கும் இரண்டு நர்சுகள், ஒரு ஜீப், வாரத்தில் ஒரு நாள் வரும் டாக்டர். அவ்வளவுதான் நாங்கள்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் வில்பட்டி. அங்கே இன்னும் அவர் மனைவி காரட்டும் பீன்சும் போடுகிறார். ஊரடங்கு வந்து டூரிஸ்ட் ஒருத்தரும் மலை ஏறாத வருடத்தில், ஒரு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி எங்களிடம் வந்தார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஒரு காலை மன்னவனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். நான்கு வயதுப் பையன். நாங்கள் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் போய்விட்டான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்து ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே வந்தேன். அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. ஆறேழு வளைவு தாண்டி, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பள்ளத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், இதுதான் உலகத்திலேயே ரெண்டாவது பெரிய பள்ளம். மொதல் பள்ளம் எதுன்னு கேட்டீங்கன்னா, போன வாரம் பூம்பாறை ரோட்டுல நம்ம முன் டயர் விழுந்துச்சு பாருங்க, அது."

நான் சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுக, காப்பி சிந்த, வெட்கமே இல்லாமல் சிரித்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வண்டியை எடுத்தார். ஒரு மாதத்துக்கு வந்தவர் அதன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. டூரிஸ்ட் எல்லாம் மறுபடி வந்துவிட்டார்களே அண்ணே, வருமானம் அங்கேதானே அதிகம் என்று ஒரு முறை கேட்டேன். "டூரிஸ்ட்டு எங்க போயிரப் போறான் சிஸ்டர்? நீங்க நாளைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கணும்ல, அதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் போட்டது என்று கேட்டால் தெரியாது என்பார், அவர்தான் போட்டது. அழுவதென்றால் பின் சீட்டு, திட்டுவதென்றால் முன் சீட்டு. பின்னால் உட்கார்ந்தால் அவர் வாயே திறக்க மாட்டார், காப்பி வரும், பிறகு ஏதாவது ஒரு வளைவில் உலக அதிசயம் ஒன்று வரும். முன்னால் உட்கார்ந்தால் டாக்டர், கலெக்டர், கடவுள், ரோடு போட்ட காண்டிராக்டர் என்று யாரை வேண்டுமானாலும் திட்டலாம். எல்லார் சார்பிலும் அவரே, "சரிங்க சிஸ்டர், தப்புதாங்க சிஸ்டர்" என்று ஏற்றுக்கொள்வார். நான் முன்கோபி. பெரும்பாலும் முன் சீட்டுதான்.

பிள்ளைகளுக்கு அவர் காட்டும் டூர் தனி. கட்டில்தான் ஜீப். கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். "சீட் பெல்ட் போட்டாச்சா மேடம்? ஏரி பாக்கணுமா, குரங்கு பாக்கணுமா?" என்பார். பாச்சலூர் ஜெயப்பிரியாவுக்கு இந்த டூர் என்றால் உயிர். பத்து வயது. மூளைக்குள் கட்டி. இடது பக்கம் விழுந்துவிட்டது, வலது கையிலும் பலம் குறைந்துகொண்டே வந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இதே மலையில் பிறந்து கொடைக்கானலை ஒரு தடவைகூடப் பார்க்காதவள், இவர் டூரில் ஒவ்வொரு பொய்யையும் கையும் களவுமாகப் பிடிப்பாள்.

"மாமா, போன தடவை குரங்கு கண்ணாடி போட்டிருந்துச்சுன்னீங்க. இப்ப தொப்பிங்கிறீங்க."

"கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டுத் தொப்பி வாங்கிருக்கு மேடம். அது இஷ்டம்."

எனக்கு ஐந்தாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்தபோது முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். "சிஸ்டர்க்கா, உங்க வேதத்துல வளைகாப்பு உண்டா?" என்றாள்.

"உண்டுடி. ஏன்?"

"அப்ப மொத வளையல் நாந்தான் போடுவேன். எங்க அத்தைக்கு என்னைய விடல, சின்னப் பிள்ளைன்னுட்டாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னேன். பிள்ளைகளிடம் எதையும் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று புதிதாகச் சேர்கிற நர்சுகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழாம் மாதம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று முடிவானது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை டாக்டர் ஜெயப்பிரியாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இனி மாதக்கணக்கில் பேச வேண்டாம், வாரக்கணக்குதான் என்றார். கொடைக்கானல் வரை அவளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அரை மணி நேரம் ஜீப்பில் உட்கார்ந்தாலே வலி தாங்க மாட்டாள். ஆக, அவள் வளையல் போட வேண்டுமென்றால் வளைகாப்புதான் அவளிடம் போக வேண்டும்.

என் மாமியாரிடம் கேட்டேன். அவர் பெயர் அருள்மேரி. கான்வென்ட் பள்ளி ஹாஸ்டலில் இருபத்தைந்து வருடம் சமையல் செய்தவர். எனக்கு அம்மா கிடையாது, அதனால் அம்மா வீட்டுச் சீரையும் தானே செய்வதென்று மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷி. ஆனால் நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சனிக்கிழமை மொத வளையல அந்தப் பிள்ள போட்டுரட்டும், ஞாயித்துக்கிழமை மத்தவங்க போடட்டும் அத்தை."

"முடியாது பிரின்ஸி. சாவுக்குக் காத்துக் கெடக்குற வீட்டுல வயித்துப் பிள்ளைக்காரிக்கு வளையலா? நீ அங்க சோலிக்குப் போறதையே நான் பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. என் கணவர் அமலுக்கு முன்னால் அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று ஒன்பது மாதத்தில் போனது, இன்னொன்று மூன்று வயதில். அந்தப் பயம் அவர் எலும்பில் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்தது ஒரே கவலைதான்: அந்தப் பிள்ளை கையால் ஒரு வளையல். அதற்கு நாள் இருக்கிறதா, இல்லையா?

வியாழக்கிழமை முன் சீட்டில் உட்கார்ந்தேன். மாமியாரை, மாமியாருக்கு மாமியாரை, சாங்கியம் சம்பிரதாயம் கண்டுபிடித்த அத்தனை பேரையும் திட்டினேன். என்னையும் திட்டிக்கொண்டேன். சேனாதிபதி அண்ணன், "சரிங்க சிஸ்டர், தப்புதாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கொடைக்கானலில் விற்கிற வளையலெல்லாம் டூரிஸ்ட் விலை, தரமும் இல்லை, பழனி அடிவாரத்தில் கண்ணாடி வளையல் குவிந்து கிடக்கிறது, ரோஜா மாலையும் அங்கேயே பச்சையாகக் கட்டித் தருவார்கள், சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். பாச்சலூர் வழியாகவே இறங்கலாம். சிஸ்டரை அங்கே வேலைக்கு இறக்கிவிட்டுப் பழனி போய்விட்டு, வரும்போது ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் ஜீப்ப விட்டு எறங்க மாட்டேன். அந்த வீட்டு வாசல மிதிக்கச் சொல்லக் கூடாது." அண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

பின்னாளில் கேட்டேன், என்னதான் திட்டம் போட்டீர்கள் என்று. "திட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். வளையலு, உங்க மாமியாரு, அந்தப் பிள்ள, மூணும் ஒரே தெருவுக்கு வந்துட்டா ஏதாச்சும் ஒண்ணு நடக்கும்னு நெனச்சேன்." இதை நான் நம்புகிறேன். பொய்யாக இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, தாண்டிக்குடி வழியாக எட்டு மணிக்கெல்லாம் பாச்சலூரில் இறங்கினேன். மாமியார் தெருமுனையிலேயே ஜீப்பில் இருந்துகொண்டு எனக்குச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டார். ஜீப் ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்கிப் போனது.

ஜெயப்பிரியாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, வலி மருந்து கொடுத்தோம். அவள் அம்மா அன்னக்கொடி மிளகு பறிக்கப் போகிறவள், அன்று வேலைக்குப் போகவில்லை. அப்பா பழனிமுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். நான் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மதியம் வரை இழுத்தடித்தேன். கடைசியில், "ஏய், வளையல் போட உன்னால கொடைக்கானல் வர முடியாதேடி" என்றேன்.

"நான் எதுக்கு வரணும்? நீங்கதான் இங்க இருக்கீங்கல்ல."

"வளையல் இல்லையே."

"சேனா மாமா வாங்கத்தான போயிருக்காரு?"

அவளுக்குக் கட்டி இருந்தது மூளையில், புத்தியில் இல்லை. என் மாமியார் வேண்டாம் என்கிறார் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சன்னலை நன்றாகத் திறந்துவிடுகிற சாக்கில் எழுந்தேன்.

இதே நேரத்தில் மலை அடிவாரத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழனியில் முந்நூறு வளையலும் இரண்டு பெரிய ரோஜா மாலையும் வாங்கியிருக்கிறார்கள். ஜீப்புக்குள் வெயில் அடித்து மாலை வாடிவிடும் என்று மாமியாருக்குக் கவலை. ஈரத் துணியைச் சுற்றி, இரண்டு மாலையையும் ஜீப்பின் முன்னால் பானெட்டுக்குக் குறுக்கே காற்றுப்படக் கட்டச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் கட்டியிருக்கிறார். முன்னால் மாலை தொங்கினால் அது சாவு வண்டி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதருக்குத் தோன்றவில்லை. அவர் நினைப்பெல்லாம் வளைகாப்பில் இருந்தது.

போதாததற்கு, கொண்டை ஊசி வளைவுகளில் மாமியாருக்குத் தலை சுற்றி, குமட்டல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சாய்ந்துவிட்டார். வளைவுக்கு வளைவு நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ரோட்டில் எங்கள் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நர்ஸ் ஜீப். பாச்சலூரில் அது நிற்பது ஒரே வீட்டு வாசலில். அது இன்று மாலையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்தி அழும் ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று மலை ஏறுகிறது. வழியில் வடகாட்டில் யாரோ பார்த்து, யாருக்கோ போன் போட்டுவிட்டார்கள். மார்க்கெட்டில் பழனிமுத்துவுக்குச் செய்தி போனது. அவர் வீட்டுக்குப் போன் செய்து கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. சொந்தக்காரர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு சின்ன லோடு வண்டியில் கிளம்பிவிட்டார்.

அந்த லோடு வண்டி பாதி மலையிலேயே ஜீப்பைப் பிடித்துவிட்டது. முந்தவில்லை. மாலை கட்டிய வண்டியை எப்படி முந்துவது? பிள்ளை ஜீப்புக்குள்தான் இருக்கிறாளோ என்றுகூட நினைத்திருக்கிறார்கள். பின்னால் பைக்குகள் சேர்ந்தன. ஒரு ஆட்டோ சேர்ந்தது. அண்ணன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். "ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கல சிஸ்டர். இந்தப் பக்கத்து சனங்களுக்கு என்ன மரியாதைன்னு நெனச்சிக்கிட்டேன். ஒரு தடவை கையக்கூடக் காட்டுனேன்."

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. உடனே, ஐயோ என்று ஒரு கூட்டமே கத்தும் சத்தம். அன்னக்கொடி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு பழனிமுத்து ஓடி வந்தார். தோளில் மார்க்கெட் துண்டு, உடம்பெல்லாம் வெங்காயத் தூசி. கட்டிலருகே வந்து அப்படியே மண்டியிட்டார்.

ஜெயப்பிரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னப்பா? யாரு செத்துட்டா?" என்றாள்.

அவர் அவள் காலைத் தொட்டார். பிறகு முகத்தைத் தொட்டார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாதே. ஒப்பாரியில் பேர்போன ஒரு அம்மா வட்டம் கூட்டி ஆரம்பித்துவிட்டார். பச்சைக் கிளி பறந்துபோச்சே, பாடம் படிச்ச மக பாதியில போயிட்டாளே என்று ஓங்கிய குரல். ஜெயப்பிரியா காதைத் தீட்டிக் கேட்டாள்.

"சிஸ்டர்க்கா, எனக்கா பாடுறாங்க?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாடம் படிச்சவளாம்! மூணாப்புலயே பாதி நாளு மட்டம் போட்டவ நானு." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. கட்டில் ஆடியது, கண்ணில் நீர் வந்தது. "நிறுத்தச் சொல்லாதீங்கக்கா, நல்லாத்தான் பாடுறாங்க. இன்னும் என்னல்லாம் சொல்றாங்கன்னு பாப்போம்" என்றாள். அன்னக்கொடி சிரித்தாள். பழனிமுத்து தரையில் உட்கார்ந்தபடியே அழுதுகொண்டு சிரித்தார். என் வயிற்றுக்குள் இருந்ததும் ஒரு உதை விட்டது.

அப்போதுதான் என் மாமியார் உள்ளே வந்தார்.

ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன், வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர். ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூட ஜீப்பிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலைசுற்றல், பயம், சாங்கியம் எல்லாம் எங்கே போயிற்றோ. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா உள்ளே இருக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிலைப் பார்க்கவே இல்லை. நேரே போய் அன்னக்கொடியை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டார்.

"அழுதுரு தாயி. உள்ள வெச்சிக்காத. ரெண்டு பேரைக் குடுத்தவ சொல்றேன், அழுதுரு."

அன்னக்கொடி அவர் பிடியில் மூச்சு முட்ட நின்றாள். "எதுக்குங்கம்மா அழணும்?" என்றாள்.

மாமியார் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கட்டிலில் ஜெயப்பிரியா, இரட்டைப் பின்னலும் நெற்றியில் பொட்டுமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் சிஸ்டர்க்காவோட மாமியாரா? வளையல் வாங்கிட்டு வந்தீங்களா?"

அந்த நிமிஷம் என் மாமியார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சேசுவே, மரியே, சூசையே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைப் பார்த்தார், அன்னக்கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். முந்நூறு பிள்ளைகள் இருந்த ஹாஸ்டலைக் கட்டி மேய்த்த குரல் அது.

"ஏப்பா சேனாதிபதி! அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசா வளையல் பெட்டிய எடுத்துட்டு வா. மாலையையும் அவுத்துட்டு வா."

வாசலில் அண்ணன் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? பழனிமுத்துவின் மச்சான்மார் நான்கு பேர் அவரைச் சுற்றி நின்று, மாலையை எதற்குக் கட்டினாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. "வளைகாப்புக்குங்க, வளைகாப்புக்குங்க" என்று உண்மையையே திரும்பத் திரும்பச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. மாமியார் குரல் கேட்ட பிறகுதான் சட்டையை விட்டார்கள். "ஏலே, அங்கிட்டுத் தள்ளுங்கடா, சோலி கெடக்கு" என்று அவரும் கெத்தாக உள்ளே வந்தார்.

துக்கத்துக்கு வந்த நாற்பது பேரும் வளைகாப்புக்கு நின்றார்கள். கோயிலிலிருந்து ஒருவர் தூக்கிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் போடப்பட்டன. ஒப்பாரி பாடிய அம்மாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஜெயப்பிரியாதான், "நல்லா பாடுனீங்க ஆத்தா, இப்ப சிஸ்டர்க்காவுக்கு ஒண்ணு பாடுங்க" என்றாள். அவரும் அதே குரலில், ராகத்தை மட்டும் மாற்றி நலங்குப் பாட்டு எடுத்துவிட்டார். யாரோ சந்தனம் கொண்டுவந்தார்கள். யாரோ வேப்பிலை பறித்து வந்து காப்பாக வளைத்தார்கள். அண்ணன் ஜெயப்பிரியாவுக்கென்று வாங்கி வைத்திருந்த பஞ்சாமிர்த டப்பா, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விரல் நுனி என்று சுற்றி வந்தது.

கட்டிலை ஒட்டி என்னை உட்கார வைத்தார்கள். மாமியார் ஒரு மாலையை என் கழுத்தில் போட்டார். இன்னொரு மாலை தட்டில் இருந்தது. அதை ஜெயப்பிரியா பார்த்தாள்.

"அது எனக்குப் போடுங்க."

யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. அவள் கழுத்தில் மாலை என்றால் எல்லார் மனதிலும் வருவது ஒன்றுதானே.

"போடுங்கன்னா. இப்பப் போட்டாத்தான எனக்கு மணக்கும்."

மாமியார்தான் போட்டார். மாலைக்குள் முகத்தைப் புதைத்து அவள் மூச்சை இழுத்தாள்.

அவள் வலது கைக்கு வளையலைப் பிடிக்கிற அளவுதான் பலம் இருந்தது, தள்ளுகிற பலம் இல்லை. மாமியார் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். இரண்டு கையுமாகச் சேர்ந்து பச்சை வளையலை என் மணிக்கட்டில் ஏற்றினார்கள். அடுத்து ஒரு சிவப்பு. என் கையை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். ஆட்டினேன்.

"உள்ள இருக்குறதுக்குக் கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்டி."

"அப்ப அது மொதல்ல கேட்டது நான் போட்ட வளையல் சத்தந்தான்." பெருமையாகச் சொன்னாள். "சேனா மாமா, இது பொய் இல்லியே?"

"சத்தியமா இல்ல மேடம்" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. அவரிடம் அதை நான் இன்றுவரை சொல்லிக் காட்டவில்லை, சொன்னால் தொண்டையில் பஞ்சாமிர்தம் என்பார்.

திரும்பி வரும்போது எந்தச் சீட்டில் உட்காருவது என்று எனக்குக் குழப்பம். அழவும் வந்தது, சிரிக்கவும் வந்தது, திட்ட ஆள் இல்லை. அதற்குள் மாமியார் முன் சீட்டில் ஏறிவிட்டார். மாலையைப் பானெட்டில் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு டிரைவருக்குத் தெரியாதா என்று பெருமாள்மலை வரை அண்ணனை ஒரு பிடி பிடித்தார். கட்டச் சொன்னதே நீங்கள்தானே என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "சரிங்கம்மா, தப்புதாங்கம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் மாமியார் திட்டுவதை நிறுத்தினார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு நாளு?" என்று முன்பக்கம் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். சொன்னேன். மறுபடி அண்ணனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஜெயப்பிரியா அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் இருந்தாள். வலி இல்லாமல், அம்மா மடியில் போனாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த இருபத்தாறு நாளில் என் மாமியார் மூன்று முறை பாச்சலூர் போய் வந்தார், குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, அதே ஜீப்பில்.

வளையல் போட்ட அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் கூட்டம் நிறைந்துவிட்டது. பூசை முடிந்து பாதர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். சேனாதிபதி அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, அமல் வேலை பார்க்கும் ரிசார்ட்டிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் தெருவின் வரலாற்றைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வளையல் போட ஊர்ப் பெரியவர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்தவர், ஏற்கெனவே அதில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டார். பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதென்ன அருள்மேரி, மொத வளையல ஏற்கெனவே யாரோ போட்டாச்சு போல. யாரு?"

மாமியார் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிரக்கூட இல்லை.

"எம் பேத்தி."

"உனக்கேது பேத்தி?"

"பாச்சலூர்ல இருக்கா" என்றவர், என் வயிற்றைக் காட்டினார். "இதுக்கு மூத்தவ."

சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.